அவர் சொல்ல வரும்போது பேச்சை மாற்றுவது யார்?

மீனா_டர்பன்:

வணக்கம். இந்தக் குழுவில் பெரும்பாலும் படித்துவிட்டுப் போகிறவள் நான். உளவியல், கவுன்சலிங், சமூகப்பணி என்று இந்த வேலையில் இருக்கும் தமிழர்கள் தென்னாப்பிரிக்காவில் இங்கொருவர் அங்கொருவராக இருக்கிறோம். கூட வேலை செய்பவர்களிடம் கேட்க வாய் வராத ஒன்றை உங்களிடம் கேட்கலாம் என்று தோன்றியது.

திருநெல்வேலிப் பக்கம் என் ஊர். கல்யாணமாகி டர்பன் வந்து, இங்கேயே படித்து, பதிவுபெற்ற கவுன்சலராக சாட்ஸ்வொர்த்தில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இங்கேயே பிறந்து வளர்ந்த நம்மவர்கள். பெயர் முனியம்மா, கோவிந்தசாமி என்று இருக்கும். பேச்சு முழுக்க இங்கிலீஷ். ஊரிலிருந்து பெர்மிட்டில் வேலைக்கு வந்தவர்களுக்கு மட்டும்தான் தமிழில் பேச ஆள் தேவைப்படும். அப்படி வந்த ஒருவரைப் பற்றித்தான் இது. வயது, தொழில், இடம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன்.

மொத்த வியாபாரக் கடை ஒன்றில் வேலை. சாயங்காலம் கடை சாத்தும் நேரம் துப்பாக்கியோடு சிலர் உள்ளே நுழைந்தார்கள். இவரையும் கூட வேலை செய்த ஒருவரையும் பின்பக்கம் ஸ்டோர் ரூமுக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்த இன்னொருவர் உயிரோடு வெளியே வரவில்லை. ஜூலுக்காரர் (ஜூலு என்பது இங்குள்ள கறுப்பின மக்களில் ஒரு பெரிய பிரிவு), இவருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். இவர் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. இப்போது ராத்திரி தூக்கம் கிடையாது, ஷட்டர் இறங்கும் சத்தத்துக்குக் கை நடுங்குகிறது, அரிசி மூட்டை வாசனை பட்டாலே குமட்டுகிறது. ஆனாலும் அதே கடையில்தான் வேலை. பெர்மிட் அந்த முதலாளி பெயரில் இருக்கிறது. வேலையை விட்டால் நாட்டை விட்டே போக வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு செஷனிலும் ஸ்டோர் ரூம் கதவு வரைக்கும் வந்துவிடுவார். "உள்ளே போனதும் டாக்டரம்மா..." என்பார் (டாக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது). குரல் இறங்கும், கண் தரைக்குப் போகும். அந்த இடத்தில் நான் எதையாவது செய்துவிடுகிறேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்பேன். ஒரு தடவை இழுத்து மூச்சு விடுங்கள் என்பேன். அல்லது அதிர்ச்சியின் பாதிப்பை அளக்க 20 கேள்வி கொண்ட அந்த பிசிஎல்-5 படிவத்தை எடுத்து நீட்டி, போன வாரத்துக்கு இந்த வாரம் எப்படி என்று டிக் அடிக்கச் சொல்வேன். முன்பு லோட் ஷெடிங் (முறைவைத்து மின்வெட்டு) இருந்த காலத்தில் இதே மாதிரிக் கட்டத்தில் இன்னொருவரோடு இருந்தபோது பட்டென்று கரண்ட் போனது. எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்ததே, அது இன்னும் நினைவிருக்கிறது.

நான் செய்வது எல்லாவற்றுக்கும் பாடப்புத்தகத்தில் நல்ல பெயர் இருக்கிறது. முதலில் பாதுகாப்பு, அவர் வேகத்துக்குப் போவது, திரும்பவும் காயப்படுத்தாமல் இருப்பது. கேஸ் குறிப்பிலும் அப்படித்தான் எழுதுகிறேன். படிக்கிறவர்கள் ஒரு குறையும் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் எங்கள் அறையில் எல்லோரும் கழுத்தில் பேனிக் பட்டன் மாட்டியிருப்போம், அழுத்தினால் ஆயுதத்தோடு தனியார் காவலர்களின் ஆர்ம்டு ரெஸ்பான்ஸ் வண்டி வந்து நிற்கும். அவர் "உள்ளே போனதும்" என்று தொடங்கியதும் என் கட்டைவிரல் அந்தப் பட்டன் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. அறையில் ஆபத்து என்று ஒன்றும் இல்லை. எதிரே ஒரு மனுஷன் தலையைக் குனிந்து பேசிக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. இதை எழுதத்தான் கூச்சமாக இருக்கிறது. பேச்சு திசை மாறியதும் அவர் கறுப்பின மக்களைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். அவன்களே அப்படித்தான், பிறவிக் குணம், இந்த ரீதியில். எனக்கு உடம்பெல்லாம் கூசும். 2021 ஜூலைக் கலவரத்தில், இந்தியர்கள் அதிகம் வாழும் ஃபீனிக்ஸில், பெரும்பாலும் கறுப்பினத்தவராக முப்பதுக்கும் மேற்பட்ட உயிர் போன பிறகு இந்த ஊரில் அந்தப் பேச்சுக்கு என்ன எடை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் கேஸ்களைக் கேட்டு வழிகாட்டி, எனக்கு சூப்பர்விஷன் தருகிறவர் ஒரு ஜூலு அம்மா, அனுபவமுள்ள உளவியலாளர். எல்லோரும் அவரை மா என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் போய் இந்த ஆள் சொன்ன வார்த்தைகளை எப்படி ஒப்பிப்பது? அதனால் இந்தக் கேஸையே அவரிடம் மேலோட்டமாகச் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

அவருக்கு நேரம் வரவில்லை என்பதும் எனக்குக் கேட்க மனசில்லை என்பதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. நீங்கள் எப்படிப் பிரித்தறிகிறீர்கள்?

லெனேசியா_தாத்தா:

தங்கச்சி, வணக்கம். நான் ஜொகன்னஸ்பர்க், லெனேசியா. உளவியலாளன், இப்போது பாதி ஓய்வு. என் தமிழ் ஆயாவிடமும் கோயில் வகுப்பிலும் படித்தது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்வியை நிதானமாகப் படித்தேன். இறந்தவரைப் பற்றி ஒன்றரை வரி எழுதியிருக்கிறீர்கள். ஜூலுக்காரர், வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். உடனே இவர் உடம்பில் கீறல் இல்லை, தூக்கம் இல்லை, அரிசி வாசனை என்று போய்விட்டீர்கள். அறையில் நடப்பது இங்கேயும் நடந்திருக்கிறது. குற்றம் சொல்லவில்லை. எழுதும்போதும் கட்டைவிரல் பட்டனுக்குப் போகிறது என்று சொல்கிறேன்.

எனக்குத் தெரிந்தவரை அந்தக் கேஸின் நடுவே இருப்பது அந்த மனிதர்தான். ஒரு ஜூலுக்காரர் இவருக்கு ஸ்டீயரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். அவர் செத்தார், இவர் பிழைத்தார். அதை நினைக்க முடியாத ஆள் "அவன்களே அப்படித்தான்" என்று பேசுவார். கோபத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பது துக்கத்தைவிடச் சுலபம். நீங்கள் அந்தப் பேச்சைக் கேட்டு அருவருப்புப்படும்போது, இரண்டு பேரும் சேர்ந்து இறந்தவரை ஸ்டோர் ரூமிலேயே விட்டுவிட்டு வருகிறீர்கள்.

சிகிச்சை தருகிறவரின் மனதில் எழுவதை ஃபிராய்ட் 1910-இல் கவுன்டர் டிரான்ஸ்ஃபரன்ஸ் என்று பெயர் சொல்லிப் பேசினார். அடக்கிக் கடக்க வேண்டிய தடை என்றுதான் அவர் பார்த்தார். 1950-இல் பவுலா ஹைமன் அதைத் திருப்பிப் போட்டார். உன் மனதில் எழுவது எதிரில் இருப்பவரைப் புரிந்துகொள்ள ஒரு கருவி என்றார். நான் ஹைமன் பக்கம். ஆனால் ஒரு எச்சரிக்கை. உங்கள் கை பயப்படுவது அவருடைய பயமாக இருக்கலாம். அதே ஊரில் அதே மாதிரிக் கம்பி போட்ட வீட்டில் இருக்கும் உங்களுடைய பயமாகவும் இருக்கலாம். தனியாக உட்கார்ந்து யோசித்து இரண்டையும் பிரிக்க முடியாது. மா எதற்கு இருக்கிறார்?

1996 ஏப்ரலில் ஈஸ்ட் லண்டனில், அபார்த்தைட் என்ற நிறவெறி ஆட்சியின் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் முதல் விசாரணை நடந்தது. ராபன் தீவில் சிறையிருந்த ஒருவர் தன்னைச் சித்திரவதை செய்ததைச் சொல்ல வந்தபோது, தலைவராக இருந்த பேராயர் டெஸ்மண்ட் டுட்டு மேசையில் தலை கவிழ்த்து அழுதார். நாடே பார்த்தது. பிறகு டுட்டு என்ன சொன்னார் தெரியுமா? கேமரா எல்லாம் என் பக்கம் திரும்பிவிட்டது, சாட்சி சொன்னவரை விட்டுவிட்டது, இனி விசாரணையில் அழ மாட்டேன் என்றார். கேட்கிறவரின் வேதனை அறையை நிறைத்துவிட்டால் சொல்கிறவருக்கு இடம் இருக்காது.

அதே விசாரணைகளில் மொழிபெயர்த்தவர்கள் சாட்சி சொன்னதை "நான்" என்றே சொல்ல வேண்டியிருந்தது. என்னை அடித்தார்கள், என் மகனைக் கொண்டுபோனார்கள், இப்படி நாள் முழுக்க. சொல்கிறவரோடு அப்படி ஒட்டிக்கொண்டு நாள் கடத்தியதில் அவர்களில் பலர் நொந்துபோனார்கள். ஆகவே உங்கள் மனம் தடுப்பது ஆச்சரியம் இல்லை. தடுக்காவிட்டால்தான் நான் கவலைப்படுவேன்.

செய்ய வேண்டியது சின்னது. செஷன் முடிந்ததும், நீங்கள் தண்ணீர் கேட்பதற்கு முந்தைய நொடியில் அவர் கடைசியாகச் சொன்ன வார்த்தை என்ன என்று அப்படியே எழுதுங்கள். அதற்கு விளக்கம் எழுத வேண்டாம். அந்தத் தாளை மாவிடம் கொடுங்கள். உங்கள் ஆள் பேசிய கெட்ட பேச்சையும் எழுதுங்கள். நீங்கள் மாவைக் காப்பாற்றுகிறீர்கள் என்று நினைக்கிறீர்கள். மா அபார்த்தைட் காலத்தில் இந்த நாட்டில் வளர்ந்தவர். உங்கள் ஆள் சொன்னதைவிட மோசமானதைப் பள்ளிக்கூடம் போகும் வழியிலேயே கேட்டிருப்பார்.

கல்லடிப்பாலம்:

மீனா, நான் மட்டக்களப்பு, இப்ப கேப் டவுனில். ஐயா சொன்னதில் முக்கால்வாசிக்கு உடன்படுகிறேன். மிச்சத்துக்குக் கொஞ்சம் மறுத்துக் கதைக்க வேணும்.

2004 சுனாமிக்குப் பிறகு கல்லடி, நாவலடிப் பக்கம் உளவளத்துணையாளராக வேலை செய்தேன். அந்த நேரம் எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்து இறங்கினார்கள். சனத்தை வட்டமாக இருத்தி, என்ன கண்டீர்கள், என்ன கேட்டீர்கள், பிள்ளையின் கை எப்ப விட்டது என்று கேட்டு, அழ வைத்து, அடுத்த முகாமுக்குப் போய்விடுவார்கள். அந்தச் சனம் இரவு என்ன பாடுபட்டது என்று பார்க்க அவர்கள் நிற்கவில்லை. ஒரே ஒரு தடவை இருத்தி எல்லாவற்றையும் கொட்ட வைக்கும் அந்த முறையைச் செய்ய வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே பிறகு வழிகாட்டலில் எழுதிவிட்டது. ஆகவே, "நான் கேட்காமல் தடுக்கிறேன், அது என் பயம்" என்று நினைத்து அடுத்த கிழமையே அவரைக் கதவுக்குள் தள்ளிவிடாதீங்கோ. வில்சனும் லிண்டியும் 1994-இல் இதைப் பற்றி எழுதும்போது இரண்டு பக்கமும் சொன்னார்கள். சிகிச்சை தருகிறவர் ஒன்றில் விலகிப் போவார், இல்லாவிட்டால் அளவுக்கு மீறி ஒட்டிக்கொள்வார். விலகினவர் வெட்கப்பட்டு மற்றப் பக்கம் பாயிறதை நான் கனதரம் கண்டிருக்கிறேன். நானே எல்லாத்தையும் தாங்குவேன் என்று ஒரு வீரம் வரும். அதுவும் எங்களுக்காகச் செய்கிறதுதான்.

அதே நேரம், சொல்லவே கூடாது என்றும் இல்லை. எட்னா ஃபோவா உருவாக்கிய முறையில் நடந்ததைத் திரும்பத் திரும்ப, ஒழுங்காக, கன அமர்வுகளில் சொல்ல வைக்கிறார்கள். அது ஆட்களைச் சுகப்படுத்துகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கு. இருந்தும் அதைச் செய்யத் தயங்குகிற சிகிச்சையாளர்கள் கனபேர். ஆள் உடைஞ்சு போயிடுவார் என்று பயம். உடையப்போறது யார் என்று கேட்டால் பதில் வராது.

எப்படிப் பிரிக்கிறது என்று கேட்டீர்கள். நான் பார்க்கிறது ஒன்றுதான், யார் முதலில் திரும்பினது? அவர் தானாக நிற்பாட்டி, தண்ணீர் தாங்கோ என்றால் அது அவருடைய வேகம். அவர் வாய் திறந்திருக்க நீங்கள் போத்திலைத் தூக்கினால் அது உங்களுடையது. நீங்கள் எழுதியதில் ஒருதரமும் அவர் திரும்பவில்லை.

ஆனால் உங்கட ஆளின் விஷயத்தில் எனக்குப் பெரிய கேள்வி வேற. அவர் இன்னும் அதே கடையில், அதே ஷட்டருக்குக் கீழே. பிடிஎஸ்டி (அதிர்ச்சிக்குப் பிந்தின மன உளைச்சல் நோய்) என்ற பெயர் 1980-இல் வந்தது, அதில் "பிறகு" என்ற எண்ணம் இருக்கு. நடந்து முடிஞ்சுது, இப்ப பாதுகாப்பு, ஆனால் மனசுக்கு அது விளங்கேல்லை என்ற கணக்கு. இதே தென்னாப்பிரிக்காவில் 1987-இல் ஜில் ஸ்ட்ரேக்கரும் அவவோடு வேலை செய்தவர்களும் டவுன்ஷிப் (கறுப்பின மக்களை ஒதுக்கி வைத்த குடியிருப்பு) பொடியன்களைப் பார்த்துவிட்டு, இவர்களுக்குப் "பிறகு" என்று ஒன்று இல்லையே என்று சொல்லி, தொடரும் அதிர்ச்சி என்று வேறாகப் பெயர் வைத்தார்கள். இவருடைய கை நடுங்குகிறதில் பாதி நோய், பாதி நியாயமான பயம். அந்த நியாயமான பாதிக்கு நீங்கள் மூச்சுப் பயிற்சி கொடுத்தால் அவருக்கு எரிச்சல்தான் வரும். முதலாளியிடம் ஒரு கடிதம் கொடுத்து, கடை பூட்டுகிற நேர வேலையிலிருந்து கொஞ்ச காலம் விலக்கு வாங்கலாமா என்று அவரோடு கதையுங்கோ. அவர் சம்மதித்தால் மட்டும். ஜூடித் ஹெர்மன் 1992-இல் எழுதிய, அதிர்ச்சியிலிருந்து சுகப்படுகிற மூன்று கட்டத்தில் பாதுகாப்பு முதலாவதாக இருக்கிறது இதுக்காகத்தான். நீங்கள் குறிப்பில் எழுதுகிற பாதுகாப்பு அறைக்குள்ளே மட்டும் இருக்கு.

மிட்ராண்ட்_கார்த்திக்:

நான் இந்தத் துறை இல்லை, ஐடி. எதிர்ப்பக்க நாற்காலியில் உட்கார்ந்தவன் என்பதால் எழுதுகிறேன். தவறாக இருந்தால் அட்மின் நீக்கிவிடலாம்.

வீட்டு கேட் திறப்பதற்காகக் காத்திருந்தபோது துப்பாக்கி முனையில் காரைப் பிடுங்கினார்கள். பின்சீட்டில் என் மகள் இருந்தாள். அவளை இறக்க விட்டார்கள், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பெல்ட்டைக் கழற்ற எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று ஒரு கணக்கு உண்டு, அதை நான் என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

கம்பெனி மூலமாக ஒரு கவுன்சலரைப் பார்த்தேன். நல்ல பெண்மணி. பெல்ட் விஷயத்துக்கு வந்தேன். அவர் பேனாவை மூடினார். மூடி "டக்" என்றது. முகத்தில் ஒரு புன்னகை, "இப்போது அவள் பாதுகாப்பாக இருக்கிறாள், அதுதானே முக்கியம்" என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. இந்தம்மாவுக்கும் சின்னக் குழந்தை இருக்கிறது போல என்று நினைத்தேன். அதற்கப்புறம் நான்தான் அவரைப் பார்த்துக்கொண்டேன். தூக்கம் பரவாயில்லை, சாப்பாடு பரவாயில்லை என்று சொல்லி நல்லபடியாக முடித்துக் கொடுத்தேன். அவருடைய படிவத்தில் மார்க் நன்றாகவே இறங்கியிருக்கும்.

ரொம்ப நாள் கழித்து இன்னொருவரிடம் போனேன். பெல்ட்டைச் சொன்னபோது அவர் முகமும் மாறியது. மறைக்கவில்லை. "இதைக் கேட்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், சொல்லுங்கள்" என்றார். அவ்வளவுதான். நான் சொல்லி முடித்தேன்.

மேடம், உங்கள் ஆளுக்கு அந்தக் கட்டைவிரல் தெரியாது என்று நினைக்காதீர்கள். எங்களுக்கு எல்லாம் தெரியும். துப்பாக்கி வைத்திருந்தவனின் கையைப் பார்த்தே பழகிய கண் அது.

மாரிட்ஸ்பர்க்_செல்வி:

எல்லோரும் அழகாக எழுதியிருக்கிறீர்கள். நான் சமூகப்பணியாளர், கொஞ்சம் கடுப்பாகத்தான் எழுதுவேன், மன்னியுங்கள்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த மாதங்களில் நாங்கள் வீடு வீடாக, ஹால் ஹாலாகப் போனோம். காலையில் மகனை மண்சரிவில் இழந்த தாய். அதற்கடுத்து அடையாள அட்டை போனவர், அதற்கடுத்து இன்னொரு தாய். மத்தியானம் காருக்குள் உட்கார்ந்து பன்னி சௌ (ரொட்டிக்குள் குழம்பு) சாப்பிடும்போது அடுத்த வீடு பூட்டியிருக்க வேண்டும் சாமி என்று வேண்டிக்கொள்வேன். இதை மனத்தடை என்று பெயர் வைத்து ஆராய எங்களுக்கு ஏது நேரம்? ஆள் போதவில்லை, அதுதான் விஷயம். மக்கானும் பேர்ல்மனும் 1990-இல் இந்த வேலையால் நமக்குள் என்ன மாறுகிறது என்று எழுதினார்கள், உலகமே பாதுகாப்பில்லாததாகத் தெரிய ஆரம்பிக்கும் என்று. எனக்குப் படிக்கும்போது சிரிப்பு வந்தது. இங்கே உலகம் பாதுகாப்பாக இருந்தது எப்போது?

மீனாவுக்கு ஒரு நாளைக்கு எத்தனை பேர் என்று யாரும் கேட்கவில்லை. ஐந்தாவது ஆளாக அவர் வந்தால் புத்தர்கூடத் தண்ணீர் பாட்டிலைத்தான் தேடுவார். அவரை முதல் ஆளாக மாற்றிப் போடுங்கள், அவருக்கு அப்புறம் ஒரு இடைவெளி விடுங்கள்.

இன்னொன்று. பதிவுபெற்ற கவுன்சலருக்கு எச்பிசிஎஸ்ஏ (நம் தொழிலைப் பதிவு செய்யும் மன்றம்) வைத்திருக்கும் பணி எல்லை வேறு, உளவியலாளருக்கு வேறு. முழு பிடிஎஸ்டி என்றால் நீங்கள் அவரை மேலே அனுப்ப வேண்டிவரும். தமிழ் தெரிந்த உளவியலாளர் கிடைப்பது குதிரைக்கொம்பு என்பது வேறு விஷயம்.

லெனேசியா_தாத்தா:

செல்வி சொல்வது சரி, எல்லை எல்லைதான். ஆனால் தங்கச்சி, அனுப்புகிற கடிதத்தை டைப் செய்யும்போது மனசு லேசானால் அதையும் மாவிடம் சொல்லுங்கள்.

மீனா_டர்பன்:

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. கார்த்திக், உங்கள் பதிலைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் ஓடவில்லை. தாத்தா சொன்ன ஒன்றரை வரியை இப்போதுதான் நானே பார்க்கிறேன்.

தாளோடு மாவிடம் போனேன். அந்த ஆள் சொன்ன வார்த்தைகளை இங்கிலீஷில் மாற்றி, மென்மையாக்காமல், அப்படியே வாசித்தேன். என் குரல்தான் நடுங்கியது. மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். இந்தப் பேச்சு புதிதில்லை என்றார். அதைப் பற்றி அதற்கு மேல் பேசவில்லை. அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். "அந்தக் கடைக்குக் கிளையோடு ஆட்கள் வந்தார்களா?"

எனக்கு முதலில் புரியவில்லை. ஜூலு மக்களில் யாராவது வீட்டுக்கு வெளியே, அதிலும் இப்படி இறந்தால், உம்லஹ்லான்கோசி என்ற முள்மரத்தின் கிளையோடு உறவினர்கள் அந்த இடத்துக்கே வருவார்கள். இறந்தவரின் ஆவியை அழைத்துக் கிளையில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். கிளையைச் சுமப்பவர் வழியில் வேறு யாரோடும் பேசக்கூடாது, அதனிடம் மட்டும் எங்கே போகிறோம் என்று சொல்லிக்கொண்டே வருவார். டாக்ஸியில் ஏறினால் அதற்கும் ஒரு சீட்டுக்குக் காசு கொடுப்பார்கள். இத்தனை வருஷம் டர்பனில் இருந்தும் கிளையோடு போகிறவர்களை ஏதோ பூஜைக்கு என்றுதான் நினைத்திருக்கிறேன்.

அடுத்த செஷனில் பட்டனைக் கழற்றி மேசைமேல் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு, கடைக்குக் கிளையோடு யாராவது வந்தார்களா என்று அவரிடம் கேட்டேன். நிமிர்ந்து பார்த்தார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்றார். வந்திருக்கிறார்கள். ஒரு வயதான அம்மாவும் இரண்டு பேரும். முதலாளி ஒதுங்கிக்கொண்டார். சாவி இவரிடம்தான் இருந்தது. ஸ்டோர் ரூமைத் திறந்துவிட்டது இவர். அவர்கள் உள்ளே போனார்கள், இவர் வாசலிலேயே நின்றுவிட்டார். அந்த அம்மா வெளியே வரும்போது இவரைத் தாண்டித்தான் போனார், ஆனால் பேசவில்லை, கிளையிடம்தான் ஏதோ சொல்லிக்கொண்டே போனார். தன்மேல் கோபம், அதனால்தான் தன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருக்கிறார். பேசக்கூடாது என்பதுதான் முறை என்று நான் சொன்னேன். அப்புறம்தான் உள்ளே நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். முழுவதும் இல்லை. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

எனக்குத் தாடை வலித்தது, அவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறேன். கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, கேட்கிறேன் என்று கார்த்திக் எழுதியதைத்தான் கிட்டத்தட்ட அப்படியே சொன்னேன்.

ஆனால் கிளம்பும்போது கதவருகே நின்று பழையபடி "இருந்தாலும் இவன்களை நம்ப முடியாது டாக்டரம்மா" என்றார். இந்த வாரம் வரவில்லை. போன் செய்தால் கடையில் ஸ்டாக் எடுக்கிறார்கள் என்கிறார். நிஜமாகவும் இருக்கலாம். அந்தப் பேச்சு திரும்ப வந்தால் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பதா, எதிர்த்துச் சொல்வதா? சும்மா இருந்தால் ஒத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது.

லெனேசியா_தாத்தா:

இரண்டும் வேண்டாம். பிரசங்கம் செய்தால் உங்களையும் அந்தப் பக்கத்தில் சேர்த்துவிடுவார். சும்மா இருந்தால் நீங்கள் சொன்னபடி சம்மதம் ஆகிவிடும். பட்ரீஷியா ரெசிக்கின் முறையில் இப்படிப்பட்ட நம்பிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து ஆதாரம் கேட்பார்கள். யாரையும் நம்ப முடியாது, எங்கேயும் பாதுகாப்பு இல்லை என்று சம்பவத்துக்குப் பிறகு மனசு அகலமாக எழுதிக்கொண்ட சட்டங்கள் அவை. நீங்கள் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "உங்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும் அதில் சேர்த்தியா?" வாதமாகக் கேட்காதீர்கள், தெரிந்துகொள்ளக் கேளுங்கள். அவர் கோபப்பட்டால் படட்டும். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள், தண்ணீர் எடுக்காதீர்கள்.

கல்லடிப்பாலம்:

முதல்தரம் சொன்ன பிறகு ஒரு கிழமை வராமல் விடுகிறது வழமை. இரவு நித்திரை குழம்பியிருக்கும், வெட்கமும் இருக்கும். இன்னொருதரம் எடுத்து, அதே நேரம் உங்களுக்காக வைத்திருக்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கோ. கதைத்ததைப் பற்றித் தொலைபேசியில் ஒன்றும் எடுக்க வேண்டாம். முடிஞ்சால் அவர் வேலைக்குப் போகாத நாளுக்கு மாத்துங்கோ. உங்களிட்ட இருந்து நேரே போய் ஷட்டர் இழுக்கிற மாதிரி இருக்கக்கூடாது.

மற்றது, மீனா, பேரும் தொழிலும் மாத்தியிருந்தாலும் கிளை வந்த கடை என்றால் அந்தப் பக்கத்துச் சனத்துக்கு விளங்கிவிடும். இதுக்கு மேல அவரைப் பற்றி இந்த இடத்தில் எழுத வேண்டாம். உங்கட கடைசிப் பதிவையும் அட்மினிடம் சொல்லி எடுத்துவிடுங்கோ. செவ்வாய் இரவு நாங்கள் சிலர் சூமில் தமிழில் கேஸ் கதைக்கிறோம், எல்லாரும் பதிவுள்ள ஆட்கள். உள்பெட்டிக்கு வாங்கோ, இணைப்பு அனுப்புகிறேன்.

மீனா_டர்பன்:

சரிக்கா. அட்மினுக்கு இப்போதே எழுதுகிறேன். செவ்வாய் வருகிறேன்.